பாடுகளும் இரட்சிப்பின் நிச்சயமும்: கேள்வி பதில்

பாடுகளின் வழியாகப் போகிற ஒரு விசுவாசிக்கு இரட்சிப்பைப் பற்றி என்ன சந்தேகம் வந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. சில கேள்விகளைப் படித்ததும் பதில் எழுதக் கை வரவில்லை; ஜெபித்துவிட்டு மறுநாள்தான் உட்கார்ந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். இரண்டு வருஷமாக வியாதியில் இருக்கிறேன். ஆரம்பத்தில் ஜெபிக்கும்போது ஒரு சமாதானம் இருந்தது. இப்போது வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. நான் உண்மையாகவே இரட்சிக்கப்பட்டவள்தானா?

சகோதரி, காக்கப்படுவது ஒன்று, காக்கப்படுகிறோம் என்று உணர்வது இன்னொன்று. நல்ல நாளில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். காய்ச்சலில் நாக்கு கசந்துபோகிறது. அதற்காகச் சாப்பாட்டில் சத்து போய்விட்டது என்று சொல்வோமா? தூக்கமில்லாத ராத்திரிகளும் வலியும் மருந்தும் உணர்வைத்தான் முதலில் தின்னும். சமாதானத்தின் ருசி போயிருக்கிறது. சமாதானம் பண்ணினவர் போகவில்லை.

88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். ஏமான் எழுதியது. மற்ற புலம்பல் சங்கீதங்களில் கடைசியில் எங்கேயாவது ஒரு வெளிச்சம் வந்துவிடும். இதில் வராது. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்'தான். ஆனால் முதல் வரியைக் கவனியுங்கள்: "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே, இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." மிச்சமெல்லாம் இருட்டு, ஆனாலும் அவர் தேவனைக் கூப்பிடும் பெயர் அதுதான். அப்படி ஒரு பாட்டு வேதத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருப்பது உங்களைப்போன்றவர்களுக்காகத்தான் என்று நான் நம்புகிறேன்.

அப்புறம் ரோமர் 8:35. "கிறிஸ்துவின் அன்பைவிட்டு நம்மைப் பிரிப்பவன் யார்? உபத்திரவமோ, வியாகுலமோ, துன்பமோ, பசியோ, நிர்வாணமோ, நாசமோசமோ, பட்டயமோ?" ஏழு காரியங்கள். பவுல் ஏன் இந்த ஏழைத் தேர்ந்தெடுத்தார்? இவை ஒவ்வொன்றும் வரும்போது, 'தேவன் என்னைக் கைவிட்டுவிட்டார் போல' என்று மனசு சொல்லும் காரியங்கள். அதைத் தெரிந்துதான் ஒவ்வொன்றாக எடுத்துப் பேர் சொல்லி, இது பிரிக்காது என்கிறார். இந்த நிருபத்தை ஏறக்குறைய கி.பி. 57இல் எழுதினார். அதற்குச் சற்று முன்பு எழுதிய 2 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் தன் உடம்பில் பட்டதைக் கணக்குச் சொல்கிறார்: ஒன்று குறைய நாற்பதடி ஐந்து தரம், மிலாறுகளால் அடி மூன்று தரம், கப்பற்சேதம் மூன்று தரம், பசி, தாகம், குளிர், நிர்வாணம். ஆக, அந்த ஏழில் பட்டயம் ஒன்றுதான் அவருக்குப் பாக்கி. அதுவும் பின்னால் ரோமாபுரியில் வந்தது என்பது சபையின் பழைய பாரம்பரியம். எதுவும் நம்மைப் பிரிக்காது என்று "நிச்சயித்திருக்கிறேன்" என அவர் அதே அதிகாரத்தின் முடிவில் எழுதுவதை நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர், "உன்னிடத்தில் மறைந்த பாவம் இருக்கிறது, அதனால்தான் இந்தக் கஷ்டம்" என்கிறார். அப்படியா பிரதர்?

அவருக்கு எப்படித் தெரியும்? பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோதும், மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டார். உங்களுக்குத் தெரிந்த பாவம் இருந்தால் அறிக்கையிடுங்கள். தெரியாத பாவத்தைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தச் சகோதரர் யோபின் நண்பர்களுடைய பேச்சை ஒருதரம் முழுவதும் படித்து, தேவன் கடைசியில் அவர்களிடம் என்ன சொன்னார் என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

கேள்வி: தேவன் சிட்சிக்கிறாரா, தண்டிக்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிறிஸ்து இயேசுவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிறது ரோமர் 8:1. ஆகையால் உங்களுக்கு வருவது தண்டனை அல்ல. எபிரெயர் 12இல் சொல்லப்படுகிற சிட்சை பிள்ளைக்குத் தகப்பன் தருவது. அங்கே முழுப் பேச்சும் நீங்கள் புத்திரர் என்பதைச் சுற்றியே நடக்கிறது. அதற்காக எல்லாக் கஷ்டமும் சிட்சைதான் என்றும் சொல்லமாட்டேன். காரணமே தெரியாமல் போகிற பாடுகளும் உண்டு.

கேள்வி: அண்ணா, அம்மாவுக்கு மறதி நோய். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவர். இப்போது இயேசு யார் என்று கேட்டால் விழிக்கிறார். விசுவாசிக்கவே தெரியாத ஒருவருக்கு இரட்சிப்பு இருக்குமா?

தம்பி, இந்தக் கேள்வியோடு நானும் இருந்திருக்கிறேன். என் பெரியம்மாவுக்கு இதே நோய். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து 23ஆம் சங்கீதம் வாசித்தேன். அதற்குள் நான்கு தடவை என் பெயரைக் கேட்டுவிட்டார். "நான் மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்" என்ற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, நிறுத்திவிட்டேன். போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே, "பொல்லாப்புக்குப் பயப்படேன், தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று முடித்தார். முடித்துவிட்டு, "நீ யாருப்பா?" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் அந்த வசனத்தை முடிக்காமல் இருந்திருந்தாலும், இரட்சிப்பில் ஒரு இம்மியும் குறைந்திருக்காது. உங்கள் அம்மா இனி ஒரு வசனமும் சொல்லாமலே போகலாம். அதை வைத்து அளக்காதீர்கள். கலாத்தியர் 4:9இல் பவுல், நீங்கள் தேவனை அறிந்திருக்க என்று ஆரம்பித்து, "இன்னும் சொல்லப்போனால் தேவனாலே அறியப்பட்டிருக்க" என்று தன்னையே திருத்திக்கொள்கிறார். எது முக்கியமான அறிவு என்று அந்தத் திருத்தத்தில் இருக்கிறது. "கர்த்தர் தம்முடையவர்களை அறிவார்" என்கிறது 2 தீமோத்தேயு 2:19. தன் கர்ப்பத்தின் பிள்ளையைத் தாய் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்கிறார் ஏசாயா 49இல். மறந்துபோன தாய்க்கும் அந்த வார்த்தை பொருந்தும்.

எபேசியர் 1:14இல் ஆவியானவரை "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்" என்று சொல்லியிருக்கிறது. அச்சாரம் என்றால் முன்பணம், நாம் சொல்கிற அட்வான்ஸ்தான். கொடுத்தவர், மீதியையும் கொடுக்கத் தன்னைக் கட்டிக்கொள்கிறார். கிரேக்கத்தில் அந்தச் சொல் 'அர்ராபோன்'. அதே சொல்லின் இன்றைய வடிவத்தைத்தான் கிரேக்கர் நிச்சயதார்த்தத்துக்குச் சொல்கிறார்கள். நாமும் 'நிச்சயம்' என்ற சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறோம், பாருங்கள். அம்மாவுக்கு அந்த அச்சாரம் எப்போதோ கொடுத்தாயிற்று. ரசீதை அம்மா தொலைத்துவிட்டதால் கொடுத்தவர் பேச்சு மாறமாட்டார்.

கேள்வி: என் மகனை அடக்கம்பண்ணிவிட்டு வந்த இரவு தேவனைப் பார்த்து வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்துவிட்டது. மன்னிக்கப்படாத பாவம் என்கிறார்களே, அதைச் செய்துவிட்டேனா?

ஐயா, முதலில் உங்கள் மகனுக்காக வருந்துகிறேன். அதற்கு மேல் வார்த்தை இல்லை.

இல்லை, நீங்கள் அதைச் செய்யவில்லை. மாற்கு 3ஆம் அதிகாரத்தில் அந்த எச்சரிப்பு யாருக்கு வந்தது? இயேசு பிசாசைத் துரத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, இது பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலின் வேலை என்று நிதானமாகத் தீர்ப்புச் சொன்ன வேதபாரகருக்கு. அவர்கள் யாரும், ஐயோ சொல்லிவிட்டேனே என்று இரவெல்லாம் விழித்திருக்கவில்லை.

யோபு பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுத் தான் பிறந்த நாளைச் சபித்தார். அதற்குப் பிறகு 31ஆம் அதிகாரம் வரைக்கும் வாதாடினார். தேவன் அவரைத் திருத்தவும் செய்தார். ஆனால் கடைசியில் நண்பர்களைப் பார்த்து, "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். சங்கீதங்கள் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். கல்வாரியில் நம்முடைய ஆண்டவரே "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று 22ஆம் சங்கீதத்தைத்தான் கதறினார்.

அன்று இரவு நீங்கள் யாரிடம் கத்தினீர்கள்? அவரிடம்தான். அவரிடமே திரும்பவும் போங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தை இருந்தால் கேளுங்கள். அழுகை மட்டும்தான் இருக்கிறது என்றால் அதையே கொண்டுபோங்கள்.

கேள்வி: விசுவாசத்தினிமித்தம் மிரட்டப்பட்டபோது பயந்துபோய், நான் கிறிஸ்தவன் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். "மனுஷர் முன்பாக என்னை மறுதலிக்கிறவன்" என்ற வசனம் என்னைக் கொல்கிறது.

அப்படிப்பட்டவனை நானும் பிதாவின் முன்பாக மறுதலிப்பேன் என்று இயேசு சொன்ன அந்த வசனத்தை நான் மெலிதாக்கப்போவதில்லை. ஆனால் நீங்கள் முதல் ஆள் இல்லை. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். எகிப்து மணலில் அந்தப் பாப்பிரஸ் சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எப்போதும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னும் பலியிட்டுப் புசித்தேன் என்று எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்து. கிறிஸ்தவர்களில் ஏராளமானவர்கள் பலியிட்டார்கள். இன்னும் பலர் பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கினார்கள். அலை ஓய்ந்ததும் அழுதுகொண்டு சபை வாசலில் வந்து நின்றார்கள். ரோமாபுரியில் நொவாசியன் கூட்டத்தார் சேர்க்கவே கூடாது என்று பிரிந்துபோனார்கள். கார்த்தேஜ் பேராயர் சிப்ரியானும் மற்ற பேராயர்களும் 251இல் கூடி, மனந்திரும்புகிறவர்களுக்கு வழி உண்டு என்று முடிவெடுத்தார்கள். விழுந்ததை இலேசாகவும் எடுக்கவில்லை, கதவையும் சாத்தவில்லை. அந்தச் சிப்ரியானே 258இல் தலை வெட்டப்பட்டு இரத்தசாட்சியாக மரித்தார்.

பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். ஆனால் அதற்கு முன்பே இயேசு, "நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டார். பேதுரு விழுவதற்கு முன்பே அவருக்கான ஜெபம் முடிந்திருந்தது. நீங்கள் நம்பும் ஒரு போதகரிடம் இன்றைக்கே வாய் திறந்து சொல்லுங்கள். தனியாகச் சுமக்க வேண்டாம்.

கேள்வி: எபிரெயர் 6 விழுந்துபோனவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசுகிறதே. இரட்சிப்பை இழக்க முடியுமா, முடியாதா? நேராகச் சொல்லுங்கள் ஐயா.

தேவன் மறுபிறப்பித்த ஒருவரை அவர் கடைசிவரை காப்பார் என்றே நான் நம்புகிறேன். ஆனாலும் கர்த்தரை நேசிக்கிற எல்லாரும் இப்படிப் படிப்பதில்லை. 1610இல் டச்சு இறையியலாளர் ஆர்மீனியுவின் வழிவந்தவர்கள் ஐந்து குறிப்புகளை எழுதியபோது, இந்த ஒன்றை மட்டும் இன்னும் ஆராய வேண்டும் என்று விட்டுவைத்தார்கள். 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைச் சங்கம், தேவன் காப்பார் என்று தீர்த்துச் சொன்னது. மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, விழ முடியும் என்றே போதித்தார். லுத்தரன் சபையாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதற்காக அவர்களோடு சண்டை போட எனக்கு மனசில்லை.

அப்படியானால் எச்சரிப்பு வசனங்கள் எதற்கு? அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரம் எனக்கு உதவுகிறது. பதினான்கு நாள் புயல், கப்பலில் 276 பேர். ஒருவர் உயிரும் சேதமாகாது என்று தேவதூதன் சொன்னதாகப் பவுல் சொல்லிவிட்டார். வாக்குத்தத்தம் முடிந்த விஷயம். ஆனாலும் மாலுமிகள் படகை இறக்கி நழுவப் பார்த்தபோது அதே பவுல், இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்கிறார். இரண்டும் உண்மை. எச்சரிப்பு வாக்குத்தத்தத்தை உடைக்கவில்லை. அந்த எச்சரிப்பைக் கேட்டுத்தான் படகின் கயிறு அறுக்கப்பட்டது, எல்லாரும் கப்பலிலேயே இருந்தார்கள். எபிரெயர் 6உம் அப்படித்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் தள்ளி 9ஆம் வசனத்தில், உங்களிடத்தில் இரட்சிப்புக்குரிய காரியங்கள் உண்டென்று நம்பியிருக்கிறோம் என்று எழுதுகிறார். அதையும் சேர்த்துப் படியுங்கள்.

கப்பல் என்னவோ உடைந்துதான் போனது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தினார்கள். மற்றவர்கள் பலகையையும் கப்பல் துண்டுகளையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள். கரைசேர்ந்தவர்கள் 276 பேர்.

கேள்வி: அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் வாழலாமா?

கூடாதே! ரோமர் 6:1–2.

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சில நாள் செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்கிறார்கள்.

மாத்திரையை நிறுத்தாதீர்கள் தங்கச்சி. சாக வேண்டும் என்ற எண்ணத்தை இன்றைக்கே உங்கள் டாக்டரிடமும் வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள், நாளைக்குத் தள்ள வேண்டாம். எண்ணம் கூடினால் தனியாக இருக்க வேண்டாம், யாரையாவது கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டார். தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். திரும்பத் தூங்கவிட்டான். திரும்பவும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். உடம்பைக் கவனிப்பதும் தேவன் காக்கிற விதம்தான். வலிக்கு மருந்து எடுப்பவரின் விசுவாசத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. உங்களுடையதை மட்டும் ஏன் சந்தேகிக்க வேண்டும்?

கேள்வி: ஐயா, நான் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. என்ன செய்வது?

ஒன்றும் கோர்த்துச் சொல்ல வேண்டாம். நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள வேண்டியதின்னதென்று அறியாதபோது, ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்கிறது ரோமர் 8:26. அதைத் தாண்டி 34ஆம் வசனத்தில் கிறிஸ்துவும் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. உங்கள் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏற்கனவே ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. இயேசுவே என்று ஒருதரம் சொல்லுங்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கொஞ்சம் தூங்குங்கள். நான் இன்று இரவு உங்கள் இருவருக்காகவும் ஜெபிக்கிறேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று காலையில் ஒரு வரி எழுதுங்கள்.