அத்தையின் கை நின்ற இடம்: 'மோகமுள்' யமுனா

கேள்வி: அதிகம் பேசப்படாத, ஆனால் உங்கள் மனதைவிட்டுப் போகாத காதல் படம் எது? யாருடைய நடிப்புக்காக?

'மோகமுள்', 1995. யமுனாவாக வந்த அர்ச்சனா ஜோக்லேகருக்காக.

எனக்குக் கும்பகோணம் பக்கம். படத்துக்கு மூலமான தி. ஜானகிராமனின் நாவலைக் கல்லூரி நாட்களில் படித்துவிட்டு, எந்த வேலையும் இல்லாமல் அதில் வரும் துக்காம்பாளையத் தெருவில் நாலு நடை நடந்தவன் நான். அதனாலேயே படத்தைப் பார்க்கப் பல வருஷம் பயந்தேன். அறுநூறு பக்கத்தைத் தாண்டும் நாவலைச் சில மணி நேரத்துக்குள் அடைத்தால் என்ன மிஞ்சும் என்ற பயம்.

தெரியாதவர்களுக்குக் கதை: சங்கீதம் கற்கும் பாபு, தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைத் தெய்வமாகக் கும்பிட்டுக் கும்பிட்டே காதலிக்கிறான். யமுனாவின் அப்பா தமிழ்ப் பிராமணர். அம்மா அவருக்கு இரண்டாம் தாரம், தஞ்சாவூர் மராட்டியப் பெண். அதைச் சொல்லியே வரும் வரனெல்லாம் தட்டிப் போகிறது.

நாவலில் யமுனாவை நாம் பெரும்பாலும் பாபுவின் கண்ணால்தான் பார்க்கிறோம். அவன் கும்பிடுகிறான், நாமும் சேர்ந்து கும்பிடுகிறோம். அவள் களைத்துப் போயிருக்கிறாள் என்பது எனக்கு முதல் வாசிப்பில் உறைக்கவே இல்லை. அர்ச்சனா ஜோக்லேகரின் முகத்தில்தான் அதைப் பார்த்தேன். அழகுக்குக் குறைவில்லை, நிமிர்வுக்கும் குறைவில்லை. ஆனால் அந்தக் கண்ணுக்குப் பின்னால், அடுத்த வரனும் நிலைக்காது என்று முன்கூட்டியே தெரிந்துவிட்ட ஒருத்தி இருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அர்ச்சனா மராட்டிக்காரர், கதக் ஆடுபவர். வெளியூர் முகத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினார்கள் என்று இதைத் தள்ளிவிட முடியாது. தஞ்சாவூரை மராட்டியர் ஆண்டது ஏறத்தாழ 180 வருஷம். வீட்டுக்குள் மராட்டி பேசும் குடும்பங்கள் இன்றும் எங்கள் பக்கம் உண்டு. இந்த ஊரில் பிறந்தும் இந்த ஊர் தன்னவள் என்று ஏற்காத பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான முகம் கிடைத்திருக்குமா?

என் அத்தையோடு உட்கார்ந்துதான் இந்தப் படத்தைப் பார்த்தேன். செவ்வாய் தோஷம் என்று தள்ளித் தள்ளி, முப்பத்தாறு வயதில் கல்யாணம் ஆனவர். கால் கட்டைவிரலில் வாழைநாரை மாட்டிக்கொண்டு மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தார். சினிமா என்றால் பாதிக் காதில் கேட்பதோடு சரி. யமுனா வந்த ஒரு காட்சியில் கை நின்றுவிட்டது. இரண்டு பூ விரலிடுக்கிலேயே இருந்தது.

"இவ சிரிக்கிறதப் பாரேன். ஒருத்தரையும் கிட்ட சேக்காத சிரிப்பு. அந்த வருஷமெல்லாம் நானும் இப்படித்தான்டா சிரிச்சேன்."

முப்பது வருஷமாக அத்தையைத் தெரியும் எனக்கு. அந்த வருஷங்களைப் பற்றி அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

இயக்குநர் ஞான ராஜசேகரனுக்கு இது முதல் படம். இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான இந்திரா காந்தி விருது, தேசிய அளவில், இதற்குக் கிடைத்தது. அப்படியும் அவர் பெயரைச் சொன்னால் 'பாரதி', 'பெரியார்' என்றுதான் ஆட்கள் ஆரம்பிக்கிறார்கள். பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவாக வரும் நெடுமுடி வேணுவை மட்டும் தனியாக ஒரு பதிலில் எழுத வேண்டும். இளையராஜாவின் இசையும், யேசுதாஸ் பாடிய 'கமலம் பாத கமலம்' பாட்டும் பலருக்குத் தெரியும். அது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டால்தான் யோசிப்பார்கள்.

குறை இல்லாமல் இல்லை. நாவலில் நிதானமாக ஊறி வரும் சில உறவுகள் படத்தில் அவசரமாகக் கடந்து போகின்றன. புத்தகம் படித்தவர்களுக்கு அது உறுத்தும், எனக்கும் உறுத்தியது. யமுனா வரும் இடங்களில் மட்டும் அந்த உறுத்தல் வரவில்லை.

படம் முடிந்ததும் அத்தை எழுந்திருக்கவில்லை. பாதி தொடுத்த சரம் மடியில் கிடந்தது. "அந்தப் புஸ்தகம் நம்ம வீட்டுல இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை.