வியன்னாவில் நான்கு நாள்: மூட்டுவலி அப்பாவும் முட்டை சாப்பிடாத அம்மாவும்

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, பத்து வயது மகளுடன் வியன்னா போகிறோம். நான்கு முழு நாள் கையில் இருக்கிறது. அப்பாவுக்கு 71 வயது, மூட்டுவலி. ஆனால் சங்கீதம் என்றால் உயிர். அம்மா முட்டைகூடச் சாப்பிட மாட்டார். பக்கத்தில் இருக்கும் புடாபெஸ்ட், பிராத்திஸ்லாவாவையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது? – கோயம்புத்தூர் வாசகி

பதில்: முதலில் அந்த இரண்டு ஊர்களையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ரயிலில் போனால் பக்கம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூட்டுவலியோடு வருபவரை நான்கு நாளில் மூன்று தலைநகரங்களுக்கு இழுத்துப்போனால் அவர் நினைவில் ரயில் நிலையங்கள்தான் மிஞ்சும். வியன்னா உட்கார்ந்து ரசிக்க வேண்டிய ஊர். காலையில் ஒரு பெரிய இடம், மதியம் ஓய்வு, மாலையில் இசை அல்லது பூங்கா. இந்தக் கணக்கில் திட்டம் போட்டால் எல்லோருக்கும் நன்றாக இருக்கும்.

அப்பாவின் நடையைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மெட்ரோ நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. தாழ்தள டிராம் வருகிறதா என்று நிறுத்தத்தில் உள்ள மின்பலகையில் பாருங்கள். சக்கர நாற்காலிப் படம் இருந்தால் படியேறத் தேவையில்லை. பல நாளுக்குச் செல்லும் சீட்டு வாங்கிக்கொண்டால் மெட்ரோ, டிராம், பேருந்து மூன்றுக்கும் அதுவே போதும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். அங்கே நுழைவாயில் தடுப்புகள் கிடையாது. காகிதச் சீட்டு வாங்கினால், முதல் பயணத்துக்கு முன் நீங்களே சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாததால் அபராதம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் களைப்பாக இருக்கும். ரிங் சாலையில் டிராமில் ஒரு சுற்று போய்வாருங்கள். பழைய கோட்டைச் சுவரை இடிக்கப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் 1857-இல் உத்தரவிட்டார். அந்த இடத்தில் வந்த அகலமான சாலை 1865-இல் திறக்கப்பட்டது. நாடாளுமன்றம், நகர மண்டபம், பல்கலைக்கழகம், இசைநாடக அரங்கான ஓபரா எல்லாம் அதன் ஓரத்திலேயே வரிசையாக நிற்கின்றன. ஒரே டிராம் முழுச் சுற்றும் போகாது. 1-ஆம் எண்ணிலிருந்து 2-க்கு மாற வேண்டும். அன்றைக்கே ஸ்டீஃபன் பேராலயத்தையும் பார்த்துவிடலாம். தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள், அது வேண்டாம். வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. பும்மெரின் என்ற பெரிய மணி தொங்குவதும் அங்கேதான். 1683 முற்றுகையில் துருக்கியர் விட்டுப்போன பீரங்கிகளை உருக்கி 1711-இல் வார்த்த மணி அது. 1945 தீ விபத்தில் விழுந்து உடைந்தது. அந்த உலோகத்தையே மறுபடி உருக்கி இப்போதைய மணியைச் செய்தார்கள். மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி மேலே அழைத்துப் போங்கள்.

ஷோன்புருன் அரண்மனைக்குத் தனியாக ஒரு காலை ஒதுக்குங்கள். 1,441 அறைகள் என்றதும் பயப்பட வேண்டாம், பார்வைக்குத் திறந்திருப்பவை நாற்பது சொச்சம்தான். நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். மொசார்ட் 1762-இல் பேரரசி மரியா தெரசாவின் முன் வாசித்தது இந்த அரண்மனையில்தான். அப்போது அவருக்கு ஆறு வயது. தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. குன்றின் மேல் உள்ள குளோரியட் மண்டபத்துக்குப் பூங்காவைச் சுற்றிவரும் சின்ன ரயில்வண்டியில் போகலாம், ஏறி நடக்க வேண்டியதில்லை. மகள் ஆசைப்பட்டால், 1752-இல் தொடங்கிய மிருகக்காட்சிசாலையும் அதே வளாகத்தில் இருக்கிறது.

ஓவியத்துக்கு ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் பெல்வடேர் அரண்மனை அருங்காட்சியகத்தைச் சொல்வேன். குஸ்தாவ் கிளிம்டின் 'முத்தம்' அங்கே இருக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தத் தங்கத் தகடு அந்நியமாகத் தெரியாது. கிளிம்டின் அப்பா தங்க வேலை செய்தவர். டி டிராம் வாசலருகே இறக்கிவிடும். குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் என்ற கலை வரலாற்று அருங்காட்சியகமும் அருமையானதுதான், புரூகல் என்ற ஓவியரின் படைப்புகள் உலகிலேயே அதிகம் இருப்பது அங்கேதான். ஆனால் அது பெரியது, கால் தாங்காது. மே மாதத்தில் திங்கட்கிழமை விடுமுறை வேறு.

சரி, அப்பாவின் சங்கீதத்துக்கு வருவோம். நீங்கள் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்தது நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் அரசு ஓபரா மூடியிருக்கும். 1869-இல் திறந்த அந்தக் கட்டடம் 1945 குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்து, 1955-இல் பேத்தோவனின் ஃபிடேலியோ என்ற இசைநாடகத்துடன் மீண்டும் திறந்தது. குறைந்த விலைக்கு நின்று பார்க்கும் சீட்டு உண்டு, ஆனால் அது அப்பாவுக்கு ஆகாது. உட்காரும் இடம் வாங்கும்போது பக்கவாட்டுப் பெட்டிகளின் பின்வரிசையைத் தவிருங்கள். பாட்டு கேட்கும், மேடை தெரியாது. மேல் மாடத்தின் நடுப்பகுதி நல்லது. ஒவ்வொரு இருக்கைக்கும் முன்னால் சின்னத் திரையில் ஆங்கிலத்தில் பொருள் ஓடும். மூன்று மணி நேரம் உள்ளே உட்காருவது கஷ்டம் என்றால் வேறு வழியும் இருக்கிறது. ஏப்ரல், மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில், உள்ளே நடக்கும் நிகழ்ச்சியை வெளியே சதுக்கத்தில் பெரிய திரையில் இலவசமாகக் காட்டுகிறார்கள், நாற்காலியும் போடுகிறார்கள். கொஞ்சம் முன்னதாகப் போய் இடம் பிடியுங்கள், ஒரு சால்வையும் எடுத்துப்போங்கள். மே மாத இரவிலும் குளிரும்.

பேராலயத்தைச் சுற்றி மொசார்ட் வேடத்தில் நின்று சீட்டு விற்பவர்கள் ஓபராவுக்கு விற்பதில்லை. அது சுற்றுலாப் பயணிகளுக்கான தனிக் கச்சேரி. ராகம் கேட்டு வளர்ந்த உங்கள் அப்பாவை அங்கே அழைத்துப் போகாதீர்கள்.

அம்மாவின் சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் யோசித்துத் திட்டமிட வேண்டும். பட்டியலில் சைவம் மாதிரித் தெரிவதில்தான் சிக்கல். உருளைக்கிழங்கு சாலட்டைப் பல கடைகளில் மாட்டிறைச்சிச் சாற்றில் ஊறவைக்கிறார்கள். தெளிந்த சூப் என்றால் பெரும்பாலும் அதே சாறுதான். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற சீஸ் நூடுல்ஸிலும், கைஸர்ஷ்மாரன் என்ற இனிப்பு அப்பத்திலும், புகழ்பெற்ற ஸாஹர் கேக்கிலும் முட்டை உண்டு. ஆப்பிள் ஷ்ட்ரூடலின் மாவு பாரம்பரியமாக மைதா, தண்ணீர், எண்ணெய் சேர்த்துப் பிசைவது. ஆனாலும் சிலர் மேலே முட்டை தடவுவார்கள், திராட்சையை ரம்மில் ஊறவைப்பார்கள். அதனால் கேட்டுவிடுங்கள். ஜெர்மனில் முட்டைக்கு 'ஐ' என்று பெயர். "இஸ்ட் டா ஐ ட்ரின்?" என்றால் "இதில் முட்டை இருக்கிறதா?" என்று பொருள். அம்மாவே சொல்லிப் பழகட்டும்.

மே மாதத்தில் வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய் வந்திருக்கும், அந்த ஊரே அதைக் கொண்டாடும். அதனுடன் தரும் ஹாலண்டைஸ் சாஸில் முட்டை உண்டு என்பதால், உருக்கிய வெண்ணெயும் வேகவைத்த உருளைக்கிழங்கும் போதும் என்று சொல்லி வாங்குங்கள். மதியத்துக்கு நாஷ்மார்க்ட் சந்தை கைகொடுக்கும். ஃபலாஃபல், ஹம்முஸ், துருக்கி ரொட்டி, ஆலிவ், பழம் எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும். ஞாயிறு மூடியிருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். 1873 முதல் ஆல்ப்ஸ் மலை ஊற்றுநீர்தான் குழாயில் வருகிறது, அப்படியே குடிக்கலாம்.

காபிக்கு, சந்தையிலிருந்து அதிக தூரமில்லாத கஃபே ஷ்பேர்லுக்குப் போங்கள். 1880-இல் தொடங்கியது. கஃபே சென்ட்ரலில் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அப்பாவின் கால் பாவம். ஒரு காபி வாங்கினால் கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் வரும், அப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் எழுப்ப மாட்டார்கள். நுரை பொங்கும் மெலாஞ்ஜ் என்ற பால் காபி நம் நாக்குக்குச் சப்பென்றிருக்கும். 'கிரோஸ்ஸர் பிரௌனர்' கேளுங்கள். டிகாக்‌ஷன் மாதிரி திடமாக, பால் தனியாக வரும்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கோடையில் கூட்டம் அதிகம், ஜனவரியிலேயே தொடங்கிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து எஸ்7 ரயில் போதும். விரைவு ரயில் சில நிமிடம் மிச்சப்படுத்தும், கட்டணமோ பல மடங்கு.

ஞாயிற்றுக்கிழமையும் மே 1-ஆம் தேதியும் கடைகள் மூடியிருக்கும், முந்தைய நாளே பால், பழம் வாங்கி வையுங்கள். ஞாயிறு காலையில் ஹோஃப்பூர்க் அரண்மனைத் தேவாலயத் திருப்பலியில் வியன்னா சிறுவர் பாடகர் குழு பாடும். மதியம் 71-ஆம் எண் டிராம் பிடித்து மத்தியக் கல்லறைத் தோட்டத்தின் இரண்டாம் வாயிலில் இறங்குங்கள். பேத்தோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கிறார்கள். திருவையாற்றில் தியாகராஜர் சமாதி முன் நின்றவருக்கு அந்த இடம் ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. தோட்டம் பெரியது, உள்ளேயே பேருந்து ஓடுகிறது. மொசார்ட்டுக்கு அங்கே நினைவுச்சின்னம் மட்டும்தான். அவரைப் புதைத்தது ஸாங்க்ட் மார்க்ஸ் கல்லறையில். திரும்பும் வழியில் அதே டிராம் அந்தப் பகுதி வழியாகத்தான் வரும், அப்பாவுக்குத் தெம்பிருந்தால் இறங்கிப் பாருங்கள்.