குறைந்த விலை ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏன் நிலைப்பதில்லை? உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

பத்துப் பதினைந்து லட்சத்துக்குள் கிடைக்கிற, ஓட்டச் சுகமான கார்கள் நம் நாட்டில் வந்த வேகத்தில் ஏன் காணாமல் போகின்றன என்பதுதான் இந்த முறை தலைப்பு. ஷோரூம் விற்பனையிலும், அப்புறம் பழைய கார் சந்தையிலும் இருந்தவன் என்ற முறையில் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த வங்கியில் கடன் வாங்கலாம், எப்போது தள்ளுபடி வரும் என்ற கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் பக்கத்து ஷோரூமில் அதற்குச் சரியான பதில் கிடைக்கும்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): டியாகோ ஜேடிபி எங்கள் ஊர்க்காரர்கள் செய்த கார். ஓட்டியவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள். பிறகு ஏன் அண்ணா நிறுத்தினார்கள்?

தம்பி, இந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன். டாடாவும் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் கூட்டாகச் செய்த கார் அது. 2018 அக்டோபரில் 6.39 லட்சம் எக்ஸ்-ஷோரூம் விலைக்கு வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் (டர்போ என்றால் எஞ்சினுக்குள் அதிகக் காற்றை அழுத்திச் சக்தி கூட்டும் கருவி), 114 குதிரைத்திறன். வெறும் ஸ்டிக்கர் வேலை இல்லை. சஸ்பென்ஷனை இறுக்கிச் சற்றே தாழ்த்தினார்கள், அகலமான டயர் போட்டார்கள், கியர் விகிதத்தை மாற்றினார்கள். அந்த விலைக்கு அப்படி ஒரு கார் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ஆனால் ஷோரூமில் என்ன நடக்கும் என்று பாருங்கள். பையன் டெஸ்ட் டிரைவ் போவான். அப்பா பின்சீட்டில் உட்காருவார். பையன் இரண்டாவது கியரில் அழுத்தியதும் அவன் முகம் மலரும். அதே நேரத்தில் ஒரு வேகத்தடை வரும், பின்னால் அப்பாவின் முதுகில் ஒரு தட்டு விழும். திரும்பி வந்ததும் அவர் பக்கத்தில் நிற்கிற சாதா டியாகோவின் கதவைத் திறந்து பார்ப்பார். கிட்டத்தட்ட அதே டேஷ்போர்டு, அதே சீட், விலை குறைவு. "இதுக்கு எதுக்கு அதிகம் கொடுக்கணும்?" என்பார். பையனிடம் பதில் இருக்கும், ஆனால் அது அப்பாவுக்குப் புரிகிற பதிலாக இருக்காது. கையெழுத்துப் போடுபவர் அப்பா.

இதில் யார் மேலும் தப்பு இல்லை. ஆசை கொழுந்துவிட்டு எரிகிற வயதில் கையில் பணம் இல்லை. பணம் வரும் வயதில் பின்சீட்டில் குழந்தைகளும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் ஹேட்ச்பேக் தருகிற சுகம் ஓட்டுபவருக்கு மட்டும் தெரிவது. அதன் விலையையும் அதிர்வையும் வீடே சுமக்க வேண்டும்.

அடுத்து 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புது மாசு விதி வந்தது. ஒரு மாடல் மாதம் பத்தாயிரம் விற்றாலும் நூறு விற்றாலும், புகைச் சோதனைக்கும் எஞ்சினைத் திருத்தி மறுசான்று வாங்கவும் ஆகிற செலவு பெரிதாக மாறாது. நூறு விற்கிற காருக்கு அந்தச் செலவைச் செய்ய எந்தக் கணக்காளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஜேடிபி அங்கேதான் முடிந்தது.

கேள்வி (மதுரை): பலேனோ ஆர்எஸ்? அது மாருதி ஆயிற்றே, சர்வீஸ் பயமும் இல்லையே?

அதன் சிக்கல் எண்ணில் இருந்தது. சாதா பலேனோவில் 1.2 லிட்டர் எஞ்சின், ஆர்எஸ்ஸில் 1.0 லிட்டர். "சின்ன எஞ்சினுக்கு ஏன் பெரிய விலை?" என்று கேட்காத வீடே இல்லை. டர்போ, 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் என்று விற்பனைப் பையன் விளக்குவதற்குள் அம்மா வேறு நிறம் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார். 2017 மார்ச்சில் 8.69 லட்சத்துக்கு வந்தது. 2019 செப்டம்பரில் ஒரு லட்சம் குறைத்தும் பார்த்தார்கள். 2020 தொடக்கத்தில் நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி (சென்னை, பெருங்குடி): 12 லட்சம் பட்ஜெட். வீட்டில் ஐந்து பேர். ஸ்போர்ட்டியாகவும் இருக்க வேண்டும், மைலேஜும் வேண்டும். எது வாங்கலாம் சார்?

டர்போ பெட்ரோல் எஞ்சின் உள்ள ஏதாவது ஒரு சாதாரணக் காரை வீட்டார் எல்லோரையும் உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள். சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு முடிவெடுங்கள். எக்ஸ்-ஷோரூம் விலையை வைத்துக் கனவு காணாதீர்கள். தமிழ்நாட்டில் பத்து லட்சத்தைத் தாண்டினாலே சாலை வரி 13-லிருந்து 15 சதவீதத்துக்கு ஏறிவிடும்.

கேள்வி (திருச்சி): எல்லாவற்றுக்கும் வரிதான் காரணம் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

நம் நாட்டில் சிறிய கார் என்றால் நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அப்படிப்பட்ட காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஒரு சிசி தாண்டினாலும் 40 சதவீதம். முன்பு வரி எண்கள் வேறு, எல்லைக்கோடு இதே இடத்தில்தான் இருந்தது. 2015-ல் ஃபியட், அபார்த் புன்ட்டோவை 9.95 லட்சத்துக்குக் கொண்டுவந்தது. 1.4 லிட்டர் டர்போ, 145 குதிரைத்திறன், அந்த விலையில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத சக்தி. ஆனால் 1.2 லிட்டரைத் தாண்டியதால் அப்போதிருந்த கலால் வரி 12.5 சதவீதத்துக்குப் பதில் 24. அதே சமயம் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ 1197 சிசி. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டது. தானியங்கி கியர் இருந்ததால் வீட்டில் எல்லோராலும் ஓட்ட முடிந்தது, வெளியிலிருந்து பார்த்தால் சாதா போலோ. அது வருடக்கணக்கில் ஓடியது. எனக்குத் தெரிந்து நம் நாட்டில் கார் பிரியர்களுக்கான கார் பிழைத்த ஒரே வழி இதுதான்: நன்றாக விற்கிற சாதாரணக் காருக்குள் நல்ல எஞ்சினை வைப்பது.

ஹூண்டாய் ஐ20 இருங்காட்டுக்கோட்டையில் தயாராகிறது. ஐரோப்பாவில் விற்ற 'ஐ20 என்' (i20 N) காரில் 1.6 டர்போ, 204 குதிரைத்திறன். இங்கே கிடைப்பது 'என் லைன்' (N Line), 1.0 டர்போ, 120. கோடு எங்கே இருக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

வெளிநாட்டிலிருந்து முழுசாக இறக்கினால் கதை இன்னும் மோசம். 40,000 டாலருக்குக் குறைவான காருக்கே சுங்க வரி 70 சதவீதம். 2016-ல் போலோ ஜிடிஐ 25.99 லட்சத்துக்கு வந்தது. 192 குதிரைத்திறன், அருமையான கார், ஆனால் மூன்று கதவு. பார்ப்பவருக்கு அது எட்டு லட்சத்துப் போலோ. அடுத்த வருடமே 19.99 லட்சமாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

கேள்வி (பெங்களூரிலிருந்து ஒரு தமிழர்): ஆனால் 2025-ல் கோல்ஃப் ஜிடிஐ 53 லட்சத்துக்கு விற்றுத் தீர்ந்ததே?

முதலில் வந்தது 150 கார். வருடத்துக்கு 40 லட்சம் கார்களுக்கு மேல் விற்கிற நாட்டில் 150 பேர் கிடைப்பார்கள். தமிழ்நாட்டில் அதற்குச் சாலை வரி மட்டும் 10 லட்சத்துக்கு மேல், அதாவது ஒன்றரை ஜேடிபி. நம் தலைப்பில் "குறைந்த விலை" என்று ஒரு சொல் இருக்கிறது.

கேள்வி (சேலம்): பழைய போலோ ஜிடி வைத்திருக்கிறேன். எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தி கூட்டும் ரீமேப் செய்யலாமா?

பிரேக்கையும் டயரையும் சரிசெய்யாமல் சக்தியை மட்டும் ஏற்றாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் தந்த அசல் விவரத்திலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் மாற்றினால் விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படலாம். ஆசைக்கு வேகமாக ஓட்ட வேண்டுமென்றால் செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்கோ இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): வீட்டார், பின்சீட்டு என்கிறீர்கள். மஹிந்திரா தார் ஜீப் மூன்று கதவு. பின்னால் ஏற முன்சீட்டைச் சாய்க்க வேண்டும். மைலேஜும் சுமார். அது மட்டும் எப்படி மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள்?

இதுவரை வந்ததிலேயே நல்ல கேள்வி. வசதிக் குறைவுதான் தடை என்றால் 2020-ல் வந்த தார் தோற்றிருக்க வேண்டும். அது தோற்கவில்லை. ஏனென்றால் தார் தருகிற சந்தோஷத்தை உள்ளே இருக்கிற நாலு பேரும் அனுபவிக்கிறார்கள். உயரத்தில் உட்கார்ந்து போவது அம்மாவுக்கும் பிடிக்கிறது, குழந்தைக்கும் பிடிக்கிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஜேடிபி வளைவில் ஒட்டிக்கொண்டு திரும்பும்போது சிரிப்பவர் ஒருவர்தான், மற்றவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள்.

அதே ஈரோட்டு நண்பர்: அப்படியானால் நம்மவர்களுக்குக் காட்டிக்கொள்ளத்தான் கார் வேண்டும், ஓட்டத் தெரியாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. நம் சாலையைப் பாருங்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வரும், உள் ஓரத்தில் சாலை பெயர்ந்திருக்கும். அங்கே 40 கிலோமீட்டர் வேகத்திலேயே சுவை தருகிற வண்டிதான் சுவையான வண்டி. தாழ்வான, இறுக்கமான கார் அதன் முழுத் திறமையைக் காட்ட நல்ல சாலையும் காலி இடமும் கேட்கும்.

கேள்வி (நாகர்கோவில், குறுக்கிட்டு): அந்தச் சுவைக்கு எதற்குக் கார்? மூன்று லட்சத்துக்கு கேடிஎம் 390 டியூக் பைக் வாங்கினால் 15 லட்சத்துக் காரை விட வேகம். ஸ்போர்ட்ஸ் காருக்கு உண்மையான போட்டி பைக்தான்.

இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். வேகத்துக்கான பசி இருக்கிற 22 வயதுப் பையனுக்கு நம் நாட்டில் பைக் அதைத் தீர்த்து வைத்துவிடுகிறது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக் வந்த பிறகு இரட்டை சிலிண்டர் ஆசையும் கைக்கு எட்டிவிட்டது. அவன் கார் வாங்கப் போகும்போது வேகத்துக்காகப் போவதில்லை, மழைக்கும் வீட்டாருக்கும் போகிறான்.

ஈரோட்டு நண்பர் மறுபடியும்: தாருக்கு வரிச் சலுகை உதவியது என்பதை மறைக்கிறீர்கள்.

மறைக்கவில்லை. 2023-ல் 1.5 லிட்டர் டீசல் வைத்து நான்கு மீட்டருக்குள் குறைந்த வரியில் ஒரு தாரை 9.99 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள், சரி. ஆனால் 2020-ல் வந்தது 2.0 பெட்ரோலும் 2.2 டீசலும்தான். அதிக வரியைக் கட்டித்தான் மக்கள் வாங்கினார்கள். இன்னொன்றையும் பாருங்கள். 2024-ல் ஐந்து கதவு தார் ராக்ஸ் வந்தபோது முதல் ஒரு மணி நேரத்தில் 1.76 லட்சம் முன்பதிவு. பின்சீட்டுக்குக் கதவு வைத்ததும் என்ன ஆயிற்று என்பது அந்த எண்ணிலேயே இருக்கிறது. தார் பற்றி இன்னும் பதினோரு கேள்விகள் வந்திருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் இதுதான் பதில்.

கேள்வி (சிங்கப்பூர்): மற்ற நாடுகளில் மட்டும் விற்கிறதா என்ன?

அங்கேயும் தள்ளாட்டம்தான். மஸ்டா எம்எக்ஸ்-5 மட்டும் 1989 முதல் நிற்கிறது, 2016-ல் பத்து லட்சமாவது கார் வெளியே வந்தது. எடையைச் சுமார் ஒரு டன்னிலேயே பிடித்து வைத்ததும், உலகம் முழுக்க ஒரே காரை விற்றதும்தான் அதன் உயிர். அதற்கே ஒரு கட்டத்தில் துணை தேவைப்பட்டது. ஃபியட் 124 ஸ்பைடர் அதே அடித்தளத்தில் ஹிரோஷிமாவில்தான் தயாரானது. டொயோட்டா 86-க்கு சுபாரு வேண்டியிருந்தது, சுப்ராவுக்கு பிஎம்டபிள்யூ. தனியாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்யும் செலவை டொயோட்டாவே தனியாகச் சுமக்கவில்லை.

86-ன் கதை எனக்கு வருத்தம் தருவது. 2012-ல் 200 குதிரைத்திறனோடு வந்தது. எடை குறைவு, பின்சக்கர இயக்கம், எளிமை என்று கார் பிரியர்கள் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. வந்ததும் அவர்களே "சக்தி போதாது" என்றார்கள். ஆரம்ப ஆர்வம் தணிந்ததும் பலர் பழைய காராக வரட்டும் என்று காத்திருந்தார்கள். காத்திருப்பவர் பணம் தொழிற்சாலைக்குப் போகாது. அடுத்த தலைமுறையில் 2.4 லிட்டர் வைத்தார்கள், ஆனால் 2024-ல் கடுமையான பாதுகாப்பு விதிகள் வந்ததும் ஐரோப்பாவில் இரண்டே வருடத்தில் விற்பனையை முடித்துக்கொண்டார்கள்.

கேள்வி (வேலூர்): ரீமேப் செய்தால் மைலேஜ் கூடுமா?

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): 10 லட்சம், குடும்பம், ஸ்போர்ட்டி...

பெருங்குடி நண்பருக்குச் சொன்னதுதான்.

கேள்வி (பொள்ளாச்சி): ஒரு ஜேடிபி விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? எதைப் பார்க்க வேண்டும்?

நல்ல நிலையில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள். பெரும்பாலான பாகங்கள் சாதா டியாகோவுடையவை என்பதால் கதவுக்கும் கண்ணாடிக்கும் அலைய வேண்டாம். முன் பம்பரும் கிரில்லும் ஜேடிபிக்கே உரியவை. அவை உடைந்திருந்தால் மாற்றுக் கிடைத்த பிறகு விலை பேசுங்கள். டயரின் உள் ஓரத்தைக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். அங்கே மட்டும் தேய்ந்திருந்தால் சஸ்பென்ஷனில் வேலை இருக்கிறது. எஞ்சின் ஆயில் எப்போதெல்லாம் மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள், டர்போவுக்கு அதுதான் ஆயுள். ரீமேப் செய்த வண்டியா என்று ஸ்கேனர் வைத்திருக்கிற மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் முதல் ஸ்டார்ட் கேட்க வேண்டும். நீங்கள் போவதற்குள் விற்பவர் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை சொல்லாமல் போய் நில்லுங்கள்.