டேப்பில் 6 அடி, 18 எம்எம் லென்ஸில் 8 அடி: எங்கே தப்பு?

டேப்பில் அளந்து 6 அடியில் நிற்பவரை ஃபோகஸ் செய்தால் 18 எம்எம் லென்ஸ் 8 அடி என்கிறது, 85 எம்எம் லென்ஸ் சரியாகக் காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். டேப் சரிதான், லென்ஸும் அநேகமாகச் சரிதான். 85-ல் ஒத்துப்போய், 18-ல் மட்டும் 6 அடியில் நிற்பவர் 8 அடி மார்க்கில் ஷார்ப் ஆனால், லென்ஸ் சென்சாரிலிருந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பி.எல். மவுண்ட்டுக்கு (சினிமா லென்ஸைக் கேமராவில் பூட்டும் ஒரு வகை) அந்தத் தூரம், அதாவது மவுண்ட் முகத்திலிருந்து சென்சார் வரை, 52.00 மி.மீ. நீங்கள் சொல்லும் அளவுக்குத் தப்ப 0.05 மி.மீ. கூடினாலே போதும். அதே பிழை 85-ல் ஒரு இன்ச்சுக்குள் அடங்கிவிடும், கண்ணில் படாது. 18 போன்ற வைடு லென்ஸ்தான் காட்டிக்கொடுக்கும்.

சோனி பாடியில் பி.எல். அடாப்டர் (பி.எல். லென்ஸை மாட்ட நடுவில் போடும் வளையம்) என்கிறீர்கள். என் முதல் சந்தேகம் அதன்மேல்தான்: திருகு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் மவுண்ட் முகத்தில் தூசி.

1. அடாப்டரைக் கழற்றி, உலோக முகங்களை எல்லாம் நூல் விடாத துணியால் துடைத்து மாட்டுங்கள். பாடியின் வாய் கீழே பார்த்திருக்கட்டும்.

2. ஐரிஸ், அதாவது லென்ஸின் ஒளித்துளையை, முழுக்கத் திறந்து (வெளிச்சம் அதிகமென்றால் அதைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுங்கள், ஐரிஸை மூடாதீர்கள்), பாடியில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறியிலிருந்து (சென்சார் இருக்கும் இடம் அதுதான்) 6 அடியில் ஃபோகஸ் சார்ட் வையுங்கள். லென்ஸ் முன்முகத்திலிருந்து அளந்தால் சோதனையே வீண்.

3. இன்னொரு வைடு லென்ஸ் மாட்டுங்கள். அதுவும் 6-ஐத் தாண்டிக் காட்டினால் அடாப்டர் அல்லது பாடி; 18 மட்டும் என்றால் லென்ஸ்.

ஷிம்மில் (அந்தத் தூரத்தைச் சரிசெய்ய மவுண்ட்டில் வைக்கும் மெல்லிய தகடு) நீங்களே கை வைக்காதீர்கள். காலிமேட்டர் (லென்ஸ் ஃபோகஸைச் சோதிக்கும் கருவி) உள்ள வாடகைக் கடையில் கொடுங்கள். அதுவரை 18-க்கு மானிட்டரில் பார்த்துத் தனி மார்க்.

ஒன்று கேட்க வேண்டும்: 8 அடி என்று படித்தது லென்ஸ் ரிங்கிலா, வயர்லெஸ் ஹேண்ட் யூனிட்டிலா (தள்ளி நின்று மோட்டார் வழியாக ரிங்கைத் திருப்பும் ரிமோட்)? யூனிட்டில் என்றால் முதலில் மோட்டாரைக் கேலிப்ரேட் செய்து, ரிங்கைப் பார்த்துச் சொல்லுங்கள்.