செங்கல்லுக்கு எத்தனை பயன்

வணக்கம் ஐயா,

அரசுத் துறை ஒன்றின் கவுண்டரில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சென்ற வாரப் பயிற்சியில், செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்று எழுதச் சொன்னார்கள். எனக்கு நான்குதான் தோன்றியது. பக்கத்து இளைஞர் பத்தொன்பது எழுதினார். தமிழில் யோசிப்பதுதான் தடையா? படைப்பாற்றலை அளக்க முடியுமா? நான் வெறும் கவுண்டர் ஆள்தானே.

வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தமிழ் தடையே இல்லை. அந்த இளைஞரையும் விடுங்கள். செங்கல் சோதனை உளவியலாளர் கில்ஃபர்ட் வழியில் வந்தது. 1950-இல் அவர் ஆற்றிய உரைக்குப் பிறகுதான் இந்த ஆய்வே சூடுபிடித்தது. எத்தனை பதில், எத்தனை வகை, எவ்வளவு அபூர்வம் என்று சோதனை எண்ணும். யாருக்கு உதவியது என்று கேட்காது.

ஆனால் ‘வெறும் கவுண்டர் ஆள்’ என்று எழுதினீர்களே, கோபம் வந்தது. இனி அப்படி எழுதாதீர்கள்.

நானும் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தவன். 1995-இல் அரசுச் சேவையை மேம்படுத்த பி.எஸ். 21 என்ற இயக்கம் தொடங்கியபின் ஊழியர் யோசனைத் திட்டம் மும்முரமானது. எங்கள் பிரிவில் யார் எத்தனை யோசனை கொடுத்தார்கள் என்று கணக்கு வைத்தது நான்தான். டிசம்பர் வந்தால் ‘குப்பைத் தொட்டியைச் சன்னலோரம் நகர்த்தலாம்’ என்றுகூட எழுதித் தருவார்கள். கணக்கில் அதுவும் ஒன்று.

மூன்றாம் கவுண்டரில் ஓர் அண்ணன் இருந்தார். பார்வை மங்கிய முதியவர்கள் கட்டத்துக்கு வெளியே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்; படிவம் திரும்பி வரும், அவர்களும் மறுபடி பஸ் ஏறி வர வேண்டும். அண்ணன் பழைய ஃபைல் அட்டையில் கையெழுத்துக் கட்டத்தின் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினார். விரலில் கீறாமலிருக்க ஓரமெல்லாம் செலோடேப். அதைப் படிவத்தின்மேல் வைத்து, “சினி, மக்சிக், சினி” (இங்கே அம்மா, இங்கே) என்று மலாயில் சொல்லி, மலாய் அம்மாவின் விரலை ஓரத்தில் தடவ வைப்பார். நம் பாட்டிகளிடம், “இந்தக் குழிக்குள்ள போடுங்கம்மா.”

அதை யோசனையாக எழுதிக் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. ஆண்டிறுதிப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே நான் பூஜ்யம் போட்டேன். அட்டை என் கண்ணெதிரே கிடந்தது. இன்றும் உறுத்துகிறது.

படைப்பை அந்தத் துறை தெரிந்தவர்கள் தனித்தனியே பார்த்து மதிப்பிடட்டும் என்று 1982-இல் உளவியலாளர் தெரேசா அமாபிலே ஒரு வழிமுறை சொன்னார். சரி, கவுண்டர் வேலை தெரிந்தவர் யார்? வரிசையில் நின்று, இரண்டாம் தடவையும் வரவேண்டியிருந்தவர். அவரைக் கேட்கட்டும். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் திரும்பி வரும் படிவங்களை எண்ணட்டும்.

11 வருடத்தில் உங்கள் டிராயரில் அப்படி என்ன சேர்ந்திருக்கிறது? அதை எனக்கு எழுதுங்கள்.