பினாங்கில் கடல் முன்பு உள்ளே வரை இருந்ததா? எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி: பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், இன்று வயலாக இருக்கும் இடத்திலும் ஒரு காலத்தில் கடல் இருந்ததாமே, ஆதாரம் என்ன?

ஆதாரம் சேற்றில்தான் இருக்கிறது. நீளமான குழாயை மண்ணில் இறக்கி, அடுக்கு கலையாமல் வெளியே எடுப்பார்கள். அதை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, அமிலத்தில் கழுவுவார்கள். சேற்றில் படிந்திருக்கும் மகரந்தத்தின் மேலோடு பொல்லாதது, அமிலத்துக்கே அசையாது. அதை நுண்ணோக்கியில் வைத்து எந்த மரம் என்று பார்ப்பார்கள். கீழே கடல் சிப்பி, நடுவில் கண்டல் (கடலோரச் சேற்றில் வளரும் மரம்) மகரந்தம், மேலே நன்னீர்ச் செடிகள் என்று வரிசை வந்தால், கடல் பின்வாங்கியிருக்கிறது. வயதைக் கரிமம்-14 சொல்லும்; உயிர் போன பின் அந்தக் கதிரியக்கக் கரிமம் சீராகக் குறைந்துகொண்டே வரும், மிச்சத்தை அளந்தால் வயது தெரியும்.

கெப்பாளா பத்தாஸ் பக்கம் குவார் கெப்பாவில் சிப்பி மேடுகள் உண்டு. 2017-இல் அங்கே சுமார் 5,700 ஆண்டுப் பழைய எலும்புக்கூடு கிடைத்தது. அந்தக் காலத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரம். ஆனால் ஒன்று, அந்த மேடுகள் மனிதர்கள் தின்று போட்டவை, அலை ஒதுக்கியவை அல்ல. கரை பக்கத்தில் இருந்தது என்பதற்கு மேல் அவற்றை நான் இழுக்கமாட்டேன். அப்புறம், கடல்நீரில் பழைய கரிமம் கலந்திருப்பதால் சிப்பியின் வயது சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும். அதைக் கழித்துத்தான் படிக்க வேண்டும்.