வெட்டிய வேப்பமரத்தையே வரைகிறேன், தப்பா டாக்டர்?

கேள்வி: எனக்கு 58 வயது. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. அவர் வாசலில் வைத்து வளர்த்த வேப்பமரத்தை, வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும்போது வெட்டிவிட்டார்கள். தினமும் அந்த மரத்தைத்தான் பென்சிலால் வரைகிறேன். வரையும் நேரம் மனசு லேசாக இருக்கிறது. ஆனால் இலையே இல்லாமல் வெறும் கிளைகளாகத்தான் வருகிறது. இலையில்லாத மரம் வரைந்தால் டிப்ரஷன், அடிமரத்தில் பொந்து போட்டால் மனக்காயம் என்று மாப்பிள்ளை ஃபோனில் படித்துக் காட்டியதிலிருந்து பயமாக இருக்கிறது. வலது கட்டைவிரல் அடியில் வலியும் உண்டு. வரைவதை விட்டுவிடவா?
(ஒரு வாசகி, நங்கநல்லூர்)

பதில்: விட வேண்டாம், அம்மா.

மாப்பிள்ளை படித்தது, மரம் வரையச் சொல்லி மனதைக் கணிக்கும் ஒரு பழைய சோதனை. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் கோக் 1949-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரு படத்தின் பொந்தையும் கிளையையும் மட்டும் வைத்து மனநோயை உறுதி செய்ய முடியாது. எந்த மனநல மருத்துவரும் அப்படிச் செய்வதில்லை. தவிர, மாசி, பங்குனியில் சென்னை வேம்பு இலையைக் கொட்டிவிட்டுச் செம்பு நிறத்தில் தளிர் விடும். உங்கள் மனதில் நிற்பது அந்த மாத மரமாகவும் இருக்கலாமே!

வரைவதால் மனசு லேசாவது உங்கள் கற்பனை இல்லை. அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை 45 நிமிடம் படம், களிமண் என்று விருப்பம்போல் செய்ய விட்டார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு உமிழ்நீரில், மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவு குறைந்தது. முன்பின் வரைந்து பழகாதவர்களுக்கும் குறைந்தது. 2016-ல் வெளியான இந்த ஆய்வு சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. அதனால் வரைவதை மருந்துக்கு மாற்றாகச் சொல்ல மாட்டேன்.

ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இப்போது முழுக்க நினைவிலிருந்து வரைகிறீர்கள். நினைவிலிருந்து வரையும்போது கை ஒரு பக்கம் ஓட, மனம் மரம் வெட்டிய நாளுக்கே திரும்பத் திரும்பப் போய்விடும். கண்ணெதிரே நிற்கும் மரத்தைப் பார்த்து வரைந்தால் அதற்கு இடம் குறைவு. வாரத்தில் நான்கு நாள் தெருவிலோ பூங்காவிலோ உள்ள மரம், மற்ற நாள் உங்கள் வேம்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணி வாக்கில் போங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் அடிமரத்தின் உருட்சி தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். ஜெராக்ஸ் தாள் 75 ஜிஎஸ்எம்தான் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), ரப்பர் போட்டால் கிழியும். 120 முதல் 150 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். கோட்டுக்கு எச்பி பென்சில், நிழலுக்கு அதைவிட மிருதுவான, கறுப்பான 4பி போதும். நம்மூர்ப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்துப் படம் ஈஷிக்கொள்ளும், கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.

இலை வராததற்குக் காரணம், ஒவ்வொரு இலையாக வரையப் பார்ப்பதுதான். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள்: வெளிச்சம், நடுநிழல், இருட்டு என மூன்றே திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகளையும், நடுவே வானம் தெரியும் இடைவெளிகளையும் முதலில் குறியுங்கள். வேம்பின் இலைகள் கிளை நுனிகளில் கொத்தாக நிற்கும். ஓரத்தில் மட்டும் நாலைந்து இலையை ரம்பப் பல்லோடு காட்டினால் போதும், மீதியைக் கண்ணே நிரப்பிக்கொள்ளும். அடிமரத்தைக் கம்பம்போல் நிறுத்தாதீர்கள். மண்ணைத் தொடும் இடத்தில் விரியும். ஒவ்வொரு கவட்டையிலும் கிளை மெலியும். மெலியாவிட்டால் மரம் குழாய் மாதிரி இருக்கும். அடையாறு பிரம்மஞான சபை ஆலமரத்தை வரைய ஆசைப்பட்டால் முழுசாக முயல வேண்டாம். அதன் தாய்மரமே 1989-ல் சாய்ந்துவிட்டது, இப்போது நிற்பதெல்லாம் விழுதுகள். ஒரு விழுது மண்ணுக்குள் இறங்கும் இடத்தை மட்டும் வரையுங்கள், ஒரு காலைக்கு அதுவே நிறைய.

நான் கவனிக்கச் சொல்வது படத்தை அல்ல, உங்களை. இரண்டு வாரம் தொடர்ந்து, நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருக்கிறதா, விடியும் முன்பே விழிப்பு வருகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, வரைவதே பிடிக்காமல் போகிறதா? அப்படியானால் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, ரத்த அணு, பி12 பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், அவற்றின் குறையும் சோர்வாகவே தெரியும். 'அவரோடு போய்விடலாம்' என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மகளிடம் சொல்லுங்கள். 14416 டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கட்டைவிரல் வலிக்கு: கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாயுங்கள். கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் சுளீரென்றால் தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். வலி விரலின் அடிமூட்டிலேயே இருந்தால் தேய்மானமாக இருக்கலாம், உங்கள் வயதுப் பெண்களுக்கு அது சகஜம். பென்சில் நுனியை இறுக்கிப் பிடிப்பது இரண்டையும் கிளறிவிடும். பென்சிலில் துணி சுற்றித் தடிமனாக்கி, நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடித்து, நீளக் கோடுகளைத் தோளிலிருந்து இழுங்கள். பலகையைச் சாய்த்து வைத்தால் கழுத்தும் தப்பிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையை உதறி, தூரத்தைப் பாருங்கள். மூன்று வாரத்தில் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை துணி பிழிவதை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.